மூன்றாம் நம்பர் டேங்கின் மத்தியானத் திருடன்

அத்தியாயம் 7

“என் கையெழுத்தே என் வீட்டுக்காரரைத் திருடன்னு சொல்லுதும்மா. நான் என்ன செய்ய?”

இப்படிக் கேட்டவளை அந்த எண்ணெய் ஆலையில் எல்லோரும் மீட்டர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முற்றத்தில் ஐந்து பெரிய டேங்குகள். ஒவ்வொன்றிலும் எண்ணெய் எத்தனை மீட்டர் உயரம் நிற்கிறது என்பது கண்ட்ரோல் ரூம் திரையில் தெரியும். மணிக்கு ஒரு தரம் அதைப் பார்த்துப் பதிவுத்தாளில் எழுதுவது அவள் வேலை. பதினோரு வருஷமாக எழுதுகிறாள். ஒரு எண்ணைக்கூட அடித்துத் திருத்தியது கிடையாது.

மாப்பிள்ளை அந்தத் தாளை எட்டிப் பார்த்தான். முத்துக் கோத்த மாதிரி எழுத்து.

“என் கையெழுத்தா இருந்திருந்தா கோர்ட்டுல யாராலயும் படிச்சிருக்க முடியாதுக்கா. உங்க வீட்டுக்காரர் தப்பிச்சிருப்பார்.”

“மாப்பிள்ளை” என்றார் அத்தை. அவ்வளவுதான். அவன் வாய் சாத்திக்கொண்டது.

அத்தை என்பது அவனுடைய மாமியார். முப்பது வருஷம் அரசாங்கத்தில் எடை அளவு இன்ஸ்பெக்டராக இருந்து, கடை கடையாக ஏறி இறங்கித் தராசுகளைச் சோதித்தவர். ஓய்வு பெற்றதும் சும்மா உட்காரப் பிடிக்காமல் வீட்டு மாடியில் துப்பறியும் ஆபீஸ் போட்டார். அப்போது மாப்பிள்ளைக்கு வேலை போயிருந்தது. “வேற வேலை கிடைக்கிற வரைக்கும் என்கூட வாங்களேன்” என்றார். நாலு வருஷம் ஆகிவிட்டது. குப்பைத் தொட்டிக்குள் இறங்கித் தேடச் சொன்னாலும் “கொஞ்சம் இறங்குறீங்களா மாப்பிள்ளை” என்றுதான் சொல்வார். மரியாதையில் ஒரு குண்டுமணி குறைந்தது கிடையாது. வேலையிலும்தான்.

கதவைத் தள்ளிக்கொண்டு மேனேஜர் வந்தார். தேய்த்த பேன்ட், தேய்த்த சட்டை. சாவிக்கொத்தை ஆள்காட்டி விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டே பேசுவது அவர் வழக்கம். கொத்தின் நுனியில் மஞ்சள் உலோகத்தில் ஒரு சின்னக் காளான் சேர்ந்து சுற்றியது.

“சுருக்கமாச் சொல்றேன் மேடம். மூணாம் நம்பர் டேங்க். எண்ணெய் தெளியட்டும்னு பதினஞ்சு நாளைக்கு மூடி வைச்சிருக்கோம். மேல் மூடிக்கு முதலாளி வைச்ச சீல். கீழே வால்வுக்குப் பூட்டு. சாவி ஒரே ஒருத்தர்கிட்ட. இந்தம்மாவோட புருஷன்கிட்ட. போன சனிக்கிழமையிலேர்ந்து பாருங்க. காலையில ஆறு மீட்டர் நிக்குது. மத்தியானம் ரெண்டு மணிக்கு அஞ்சு புள்ளி நாலு. மறுநாள் காலையில மறுபடி ஆறு.”

“திருடினதைத் திருப்பி வைச்சுடறானா? இவ்வளவு ஒழுங்கான திருடனைப் போலீஸ்ல குடுக்க உங்களுக்கு எப்படி சார் மனசு வருது?” என்றான் மாப்பிள்ளை.

“தம்பி, பகல்ல நல்ல எண்ணெயை இறக்கிட்டு, ஆலை அடைச்சதும் ஏதோ மட்ட எண்ணெயை ஊத்தி நிரப்புறார். கலப்படம். குழந்தைங்க வாயில போற பொருள். நாலு மணிக்கு முதலாளி வர்றார். வந்ததும் டேங்க் எண்ணெய் மொத்தமும் கழிவுக்கு. ஆள் போலீஸுக்கு.”

“எண்ணெயைச் சோதிச்சுப் பார்த்தீங்களா?” என்று கேட்டார் அத்தை.

“வெளியில அனுப்பியிருக்கோம். பதில் வர மூணு நாளாகும். முதலாளி அதுவரைக்கும் பொறுக்க மாட்டார். இந்தம்மா போன்ல அழுததால உங்களை விட்டிருக்கார், அதுவும் நாலு மணி வரைக்கும்.” சாவிக்கொத்து சுற்றுவதை நிறுத்தி, காளான் நுனியால் பதிவுத்தாளில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். “இதையும் பார்த்துடுங்க. புதன்கிழமை அவர் லீவு. அன்னிக்கு மட்டும் ஒரு சொட்டு குறையல. இதுக்கு மேல சாட்சி வேணுமா?”

காளான் மறுபடி சுற்றியது. மேனேஜர் போய்விட்டார்.

மீட்டர் அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். “அவர் சொல்றது அத்தனையும் நிஜம். நான்தானே எழுதினேன்.”

“வீட்டுல என்ன சொல்றார்?”

“‘நீ பார்த்ததை நீ எழுது’ன்னார். அதோட சரி. மூணு நாளா பேச்சே இல்ல. எனக்கு அவர் மேல சந்தேகம் கிடையாதும்மா. இந்த எண் மேலயும் சந்தேகம் கிடையாது. ரெண்டும் நிஜம்னா நான் எதைப் பிடிச்சுக்கறது?” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ஏதோ நேரம் சரியில்ல. இங்க எண்ணெயைக் காணோம்ங்கறாங்க. வீட்டுல பொண்ணு ஒரு வாரமா ரப்பரைக் காணோம்னு அழறா. அவளையும் வைதுட்டேன்.”

மேஜை ஓரத்தில் அவளுடைய சாப்பாட்டு டப்பா திறக்காமல் இருந்தது.

அத்தை பதிவுத்தாளைக் கையில் எடுத்துக்கொண்டார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். பிறகு யாரும் எதிர்பார்க்காத ஒரு கேள்வி கேட்டார்.

“புதன்கிழமை துணி துவைச்சீங்களா?”

“துவைச்சேன்… ஏன்மா? ஒரு துணிகூடக் காயல. நாள் பூரா மூட்டம். பொண்ணோட யூனிஃபார்மை மறுநாள் ஈரத்தோடதான் போட்டு அனுப்பினேன். கூரை ஒழுகினதைச் சரி பண்ணத்தான் அவரும் லீவு போட்டார்.”

“நல்லது” என்றார் அத்தை. முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம்.

வெளியே வரும்போது மாப்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. “துணி துவைக்கிறது துப்பறியறதுல எந்தப் பாடம் அத்தை?”

“முதல் பாடம். உங்களுக்குத்தான் வீட்டுல அந்தப் பழக்கமே இல்லையே.”

முற்றத்தில் வெயில் சுள்ளென்று அடித்தது. வெள்ளை பெயின்ட் அடித்த டேங்குகள் ஐந்தும் கண் கூச வரிசையாக நின்றன. மூன்றாம் நம்பரின் அடியில், நிழல் என்று சொல்லிக்கொள்ள முடியாத ஒரு சாண் நிழலில் உட்கார்ந்து, ஒருவர் வால்வின் கைப்பிடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். ஆலைக்கு அவர் வால்வு அண்ணன். இன்னும் மூன்று மணி நேரத்தில் போலீஸ் வரப்போகிறது என்று தெரிந்த மனிதர், வால்வில் தூசி இருக்கிறதே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்.

இவர்களைப் பார்த்ததும் எழுந்தார். “வெயில்ல நிக்காதீங்கம்மா, இப்படி வாங்க” என்று அந்த ஒரு சாண் நிழலையும் விட்டுக்கொடுத்தார்.

“நீங்க எண்ணெயை எடுத்தீங்களா?” என்று நேரடியாகக் கேட்டார் அத்தை.

“இல்லம்மா.”

“குறையுதுன்னு உங்க மனைவி எழுதியிருக்காங்களே?”

“அவ எழுதினா அது சரியாத்தான் இருக்கும்.”

மாப்பிள்ளை தலையைச் சொறிந்தான். “அண்ணே, நீங்க எடுக்கவும் இல்ல, குறைஞ்சதும் நிஜம்னா, உங்களுக்கு வக்கீலா வர்றவர் முதல் நாளே ஓடிடுவார்ண்ணே.”

வால்வு அண்ணன் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

“மாப்பிள்ளை, நேத்தைய எண்களை மட்டும் கொஞ்சம் படிங்க” என்று தாளை நீட்டினார் அத்தை.

அவன் படித்தான். “காலையில எட்டு மணிக்கு ஆறு. ஒன்பதுக்கு அஞ்சு தொண்ணூத்தி நாலு. பத்துக்கு அஞ்சு எண்பத்தி ரெண்டு. பன்னெண்டுக்கு அஞ்சு அம்பத்தி ஆறு. ரெண்டு மணிக்கு அஞ்சு நாப்பது. அதுக்கப்புறம்… மூணுக்கு அஞ்சு நாப்பத்தி அஞ்சு, அஞ்சு மணிக்கு அஞ்சு அறுபத்தி மூணு…” நிறுத்தினான். “அத்தை! அஞ்சு மணிக்கு எண் ஏறியிருக்கு. அப்போ ஆலை அடைக்கவே இல்லையே. முற்றத்துல முப்பது பேர் நடமாடுற நேரம். அத்தனை பேர் கண்ணு முன்னாடி எண்ணெயை எப்படித் திருப்பி ஊத்தினார்?”

“இப்போதான் படிக்கிறீங்க. முன்னாடி வாசிச்சீங்க.” அத்தை வானத்தை அண்ணாந்து பார்த்தார். “நம்ம திருடன் வெயில் ஏற ஏறத் திருடறான். வெயில் தாழத் தாழத் திருப்பித் தர்றான். மூட்டமா இருந்தா அவனுக்கும் லீவு.”

“அப்போ சூரியனைக் கைது பண்ணணும். விலங்கு மாட்ட எட்டாதே!”

“முதல்ல எண்ணெய் நிஜமாவே குறைஞ்சிருக்கான்னு பார்ப்போம்.”

“மூடிக்கு சீல் இருக்கும்மா. முதலாளி வராம திறக்க முடியாது” என்றார் வால்வு அண்ணன்.

மதிய இடைவேளை மணி அடித்தது. மீட்டர் அக்கா கண்ட்ரோல் ரூமிலிருந்து வந்து, புருஷனுக்குப் பத்தடி தள்ளி நின்றாள். மூணு நாள் மௌனம் அந்தப் பத்தடிக்குள் நின்றுகொண்டிருந்தது. அத்தை அவளைக் கூப்பிட்டார்.

“வீட்டுல சிலிண்டர்ல எவ்வளவு கேஸ் மிச்சம்னு எப்படிம்மா பார்ப்பீங்க?”

“ஈரத்துணியால மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரு இழு இழுப்பேன். கேஸ் இருக்கிற இடத்துல ஈரம் நிக்கும். காலியா இருக்கிற இடம் சட்டுனு காஞ்சிடும்…” சொல்லச் சொல்லவே அவள் கண் விரிந்தது. “அம்மா!”

“அதேதான். இது கொஞ்சம் பெரிய சிலிண்டர். உள்ளே எண்ணெய் இருக்கிற இடத்துல இரும்பு சூடேற நேரமாகும். காலி இடம் அடுப்பு மாதிரி கொதிக்கும்.”

டேங்கின் பக்கவாட்டில் ஏணி. ஏணி ஓரமாக ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏழு மீட்டர் வரைக்கும் கறுப்பு பெயின்ட்டில் அளவு போட்டிருந்தது. மூன்று பேரின் கண்ணும் ஏணியின் உச்சி வரை ஏறி, இறங்கி, மாப்பிள்ளை மேல் வந்து நின்றன.

“மாப்பிள்ளை, உங்களுக்குச் சிரமம் இல்லைன்னா…”

“சிரமம்தான் அத்தை.”

“அப்போ மெதுவா ஏறுங்க.”

“நான் விழுந்து கிழுந்து வைச்சா உங்க பொண்ணுக்கு என்ன பதில் சொல்வீங்க?”

“வேலை செய்யும்போது விழுந்தார்னு சொல்வேன். அவதான் நம்ப மாட்டா.”

மாப்பிள்ளை முதல் படியில் காலை வைத்தான். அதற்குள் வால்வு அண்ணன் ஓடி வந்து, தன் இடுப்பிலிருந்த பாதுகாப்பு பெல்ட்டைக் கழற்றி அவன் இடுப்பில் மாட்டி இழுத்துப் பார்த்தார். “ஏணி கொதிக்கும், கை பொத்துடும்” என்று தன் கையுறைகளையும் உருவிக் கொடுத்தார். “கீழே பார்க்காதீங்க தம்பி. அடுத்த படியை மட்டும் பாருங்க.”

மணி ஒன்றரை. நாலு மணிக்குத் தன் வாழ்க்கையே கவிழப்போகும் ஒருவர், ஒன்றரை மணிக்கு அடுத்தவன் உள்ளங்கை சுட்டுவிடுமே என்று பதறுகிறார். மாப்பிள்ளைக்கு அந்த நிமிஷமே தீர்ப்பு தெரிந்துவிட்டது. அவனுக்கு அதற்கு மேல் தடயம் தேவைப்படவில்லை. ஆனால் முதலாளிக்குத் தேவைப்படுமே. ஏறினான்.

உச்சியில் நின்று, தோளில் தொங்கிய ஈரத்துணியால் டேங்கின் வயிற்றில் மேலிருந்து கீழாக ஒரு நீளக் கோடு இழுத்தான். ஏழு மீட்டர் குறிக்குப் பக்கத்தில் ஈரம் பட்ட மாத்திரத்தில் ஆவியாகிப் போனது. ஆறரையிலும் அப்படியே. கீழே மட்டும் ஈரம் பளபளவென்று நின்றது. காய்ந்த இடமும் காயாத இடமும் சந்தித்த கோடு, ஸ்கேல் வைத்துக் கிழித்தாற்போல் ஒரு குறிக்கு நேராக வந்து நின்றது.

“ஆறு!” என்று கத்தினான் மாப்பிள்ளை. “அத்தை, ஆறு மீட்டர்! ஒரு விரற்கடை குறையல!”

கீழே, டேங்கின் அடிப்பக்கம் திருகியிருந்த, அளவைக் கண்ட்ரோல் ரூம் திரைக்கு அனுப்பும் டிரான்ஸ்மிட்டரின் வட்ட முகத்தில் எண் ஒளிர்ந்தது. 5.41.

“யார் சொல்லி ஏணியில ஏறினீங்க?” என்று கத்திக்கொண்டே மேனேஜர் வந்து சேர்ந்தார். அத்தை பேசாமல் ஈரக் கோட்டைக் காட்டினார். பிறகு டிரான்ஸ்மிட்டரைக் காட்டினார். மேனேஜரின் சாவிக்கொத்து சுற்றுவதை நிறுத்தியது.

“அப்போ… மீட்டர் பொய் சொல்லுதுங்கறீங்களா? புதுசு மேடம்! மாட்டி மூணு மாசம்தான் ஆகுது!”

“பொய் சொல்லல. பாவம், அதுக்கு மூச்சு முட்டுது.” அத்தை புடவையை ஒதுக்கிக்கொண்டு மண்டியிட்டார். “இது எண்ணெயைக் கண்ணால பார்க்கிறது இல்ல சார். டேங்குக்கு அடியில உட்கார்ந்துக்கிட்டு, தலை மேல எவ்வளவு பாரம் அழுத்துதுன்னு சொல்லுது. பாரம் சரியாத் தெரியணும்னா வெளிக்காத்து எவ்வளவு அழுத்துதுன்னும் தெரியணும். அதைக் கழிச்சாத்தானே எண்ணெயோட பாரம் தனியா நிக்கும்? அதுக்காக இதுக்கு ஒரு மூக்கு வைச்சிருப்பாங்க.” டிரான்ஸ்மிட்டரின் அடிப்பக்கம் விரலால் தடவினார். “இதோ இருக்கு. அடைச்சிருக்கு.”

கொண்டையிலிருந்து ஒரு ஊசியை எடுத்து நெம்பினார். ஏதோ ஒன்று கழன்று அவர் உள்ளங்கையில் விழுந்தது. ‘ஸ்…’ என்று ஒரு பெருமூச்சு.

வட்ட முகத்தில் எண் துள்ளியது. 5.41. 5.83. 5.98. 6.00. அங்கேயே நின்றது.

“காத்தடைச்ச பந்து வெயில்ல கிடந்தா விறைச்சுக்கும் இல்லையா? அதேதான். மூக்கை அடைச்சதும் உள்ளே சிக்கின காத்து வெயில்ல உப்பி எதிர்த்துத் தள்ளியிருக்கு. இதுவும் பாரம் குறைஞ்சு போச்சுன்னு நினைச்சு, நினைச்சதைச் சொல்லியிருக்கு. வெயில் தாழ்ந்ததும் பழையபடி ஆறு. எண்ணெய் பூட்டின இடத்துலயேதான் இருந்தது.”

மீட்டர் அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். பத்தடி தூரம் ஐந்தடியாகக் குறைந்தது.

ஆனால் அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுசு அரை நிமிஷம்தான்.

“இருங்க, இருங்க” என்றார் மேனேஜர். “அப்படின்னா யாரோ வேணும்னே அடைச்சிருக்கான். மீட்டர் பக்கமே போகக் கூடாத ஆள் மீட்டரைத் தொட்டா அன்னிக்கே வேலையை விட்டு அனுப்பணும். இந்த ஆலையோட முதல் விதி அது. எவன் அவன்?”

மாப்பிள்ளை ஏணியிலிருந்து இறங்கி, அத்தையின் உள்ளங்கையிலிருந்த பொருளை வாங்கிப் பார்த்தான். பென்சில் அழிக்கிற ரப்பர். பிளேடால் செதுக்கி ஆப்பு மாதிரி கூராக்கியிருந்தது. அகன்ற முனையில் சின்னச் சின்னப் பல் தடம். நடுவில் ஒரு பல் அளவுக்கு இடைவெளி.

“அட்டகாசமான தடயம்!” என்று உற்சாகமாகிவிட்டான். “கடிச்ச ஆளுக்கு முன்பல் ஒண்ணு இல்ல. ஆலையில முன்பல் இல்லாதவங்க யார் யாரு?”

“எனக்கு எல்லாப் பல்லும் இருக்கு” என்றார் மேனேஜர். யாரும் கேட்காமலே காட்டவும் செய்தார்.

மாப்பிள்ளை சிரிக்கப் போனவன், மீட்டர் அக்காவின் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டான். அவள் அந்த ரப்பரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ரத்தம் இல்லை. பொண்ணு ஒரு வாரமா ரப்பரைக் காணோம்னு அழறா. கண்ட்ரோல் ரூமில் கேட்டது இப்போது மண்டையில் உறைத்தது. கேஸ் முடிந்தது. ‘கண்டுபிடிச்சுட்டேன்’ என்று கூவ வேண்டியதுதான் பாக்கி. நாலு வருஷத்தில் அத்தைக்கு முன்னால் அவனே கண்டுபிடித்த முதல் விஷயம்.

ரப்பரைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். “எலி கடிச்சிருக்கும்னு தோணுது” என்றான்.

“எலி இல்ல தம்பி” என்று ஒரு குரல் வந்தது. வால்வு அண்ணன். “நான்தான் வைச்சேன்.”

“நீங்களா?” என்றாள் மீட்டர் அக்கா. மூணு நாளில் புருஷனிடம் அவள் பேசிய முதல் வார்த்தை.

அவர் அவளைப் பார்த்து மட்டும் பேசினார். மற்ற யாரும் அங்கே இல்லாத மாதிரி. “போன வியாழக்கிழமை மழை கொட்டுச்சு இல்ல? உன் திரையில மூணாம் நம்பர் எண் தாறுமாறா குதிச்சுது. நீயும் பார்த்தபடியே எழுதின. மேனேஜர் சார் எல்லார் முன்னாடியும் ‘தூங்கிக்கிட்டே எழுதறியா’ன்னுட்டார். அன்னிக்கு நீ சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்ல. எனக்கு மனசு கேட்கல. மறுநாள் வந்து பார்த்தேன். இதுக்கு அடியில ஒரு ஓட்டை. உள்ளே ஈரம். எவனோ மூடாம விட்டுட்டான்னு நினைச்சேன். நான் பார்க்கிற எல்லா ஓட்டையும் மூடறதுக்குத்தானே இருக்கு? பாப்பா பென்சில் டப்பாவுல ரப்பர் இருந்துது. செதுக்கி வைச்சேன். அதுக்கப்புறம் எண் குதிக்கல. சரியாப் போச்சுன்னு இருந்துட்டேன்.”

“அதுக்கப்புறம்தான் உங்களைத் திருடன்னாங்க!”

“இதுக்கும் அதுக்கும் சம்பந்தம்னு எனக்கெங்க தெரியும்?”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“சொன்னா அதையும் எழுதிடுவியே.”

அழுதுகொண்டிருந்தவள் சட்டென்று சிரித்துவிட்டாள். சிரித்தபடியே மறுபடி அழுதாள்.

மேனேஜர் தொண்டையைக் கனைத்தார். அவருக்கும் மனசு என்று ஒன்று இருந்தது. ஆனால் அதற்கு மேலே விதிப்புத்தகத்தை வைத்துப் பழகிவிட்டார். “நல்ல எண்ணம்தான், இல்லைங்கல. திருட்டு இல்லைன்னு முதலாளிகிட்ட நானே சொல்றேன். ஆனா தொட்டது தொட்டதுதான். இன்னையோட வேலை கிடையாது. விதின்னா விதி.” சாவிக்கொத்து மறுபடி சுற்ற ஆரம்பித்தது.

அத்தை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சுற்று. இரண்டு சுற்று. மூன்று சுற்று.

“சார், ஒரு நிமிஷம் இப்படி வர்றீங்களா? ரெண்டாம் நம்பர் டேங்கை உங்களோட சேர்ந்து பார்க்கணும். நீங்க மட்டும் வந்தாப் போதும்.”

நீங்க மட்டும் என்றால் அதில் மாப்பிள்ளையும் சேர்த்தி என்று மாப்பிள்ளை எப்போதும் எடுத்துக்கொள்வான். பின்னாலேயே போனான். டேங்கின் மறுபக்கம், மற்றவர்கள் கண்ணுக்கு மறைவு. அத்தை ரெண்டாம் நம்பர் டிரான்ஸ்மிட்டரின் அடியைச் சுட்டிக்காட்டினார். மாப்பிள்ளை குனிந்து பார்த்தான்.

அதன் மூக்கில், மஞ்சள் உலோகத்தில், ஒரு சின்னக் காளான் திருகியிருந்தது.

மாப்பிள்ளை வாயைத் திறந்தான். மேனேஜரின் விரலில் தொங்கிக்கொண்டிருந்த காளானைப் பார்த்தான். மூடிக்கொண்டான்.

மேனேஜரும் பார்த்தார். சாவிக்கொத்து அவர் கையில் செத்த பறவை மாதிரி தொங்கியது.

“புதுசு வந்த பெட்டியில…” குரல் இறங்கிவிட்டது. “ஒரு சின்னப் பையில தனியா கிடந்துது. உபரின்னு நினைச்சேன். பார்க்க அழகா இருந்துது.”

“அழகாத்தான் இருக்கு” என்றார் அத்தை. “இது அந்த மூக்குக்குக் குடை. காத்து போகும், மழை போகாது. மூணு மாசமா மழையே இல்லாததால யாருக்கும் தெரியல. முதல் மழைக்கே தண்ணி ஏறிடுச்சு.”

மேனேஜர் ரெண்டாம் நம்பர் டேங்கின் மேல் கையை வைத்து, சுடுகிறது என்று உடனே எடுத்துக்கொண்டார். “நான் அந்தம்மாவைத் தூங்கறியான்னு கேட்டேனே.”

அத்தை நினைத்திருந்தால் அந்தச் சாவிக்கொத்தை முற்றத்து நடுவில், முப்பது பேர் முன்னால் தூக்கிக் காட்டியிருக்கலாம். தராசுக்கு அடியில் புளி ஒட்டியிருந்த எத்தனையோ கடைக்காரர்களைப் பார்த்தவர். தெரியாமல் செய்தவர்களைத் தனியே கூப்பிட்டுத்தான் அவர் சொல்லியிருக்கிறார். அவமானப்பட்டவன் அடுத்த தடவை கவனமாக மறைப்பான், மதிக்கப்பட்டவன் அடுத்த தடவை கவனமாக நிறுப்பான் என்பது அவர் முப்பது வருஷத்தில் கண்டது.

“அவர் தெரியாம ஒண்ணை வைச்சார். நீங்க தெரியாம ஒண்ணை எடுத்தீங்க. விதி ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானே சார்? முதலாளி வர ஒண்ணரை மணி நேரம் இருக்கு. என்ன செய்யலாம்னு நீங்களே யோசிங்க. நாங்க யார்கிட்டயும் பேச மாட்டோம். இல்லையா மாப்பிள்ளை?”

“எனக்கு இன்னிக்கு எலி மட்டும்தான் அத்தை தெரியும்.”

மேனேஜர் சாவிக்கொத்தைத் தூக்கிப் பார்த்தார். பிறகு வளையத்திலிருந்து காளானைக் கழற்றினார். நேரே மூன்றாம் நம்பர் டேங்குக்கு நடந்தார். தேய்த்த பேன்ட்டோடு எண்ணெய்ப் பிசுக்குத் தரையில் மண்டியிட்டு, அந்தக் காளானைத் தன் கையாலேயே மூக்கில் வைத்துத் திருகினார். எழுந்தபோது இரண்டு முழங்காலிலும் இரண்டு கறுப்பு வட்டம்.

“அன்னிக்கு நீங்க தூங்கலம்மா” என்றார் மீட்டர் அக்காவிடம். அதுவரைக்கும் நீ, வா, போ என்றுதான் அவர் அவளைக் கூப்பிட்டிருக்கிறார். “தூங்கினது நான்.” பிறகு வால்வு அண்ணன் பக்கம் திரும்பினார். “முதலாளிகிட்ட நான் பேசிக்கறேன். ரெண்டு தப்பையும் சொல்றேன், என்னோடதை முதல்ல. நீங்க போய் வேலையைப் பாருங்க. அந்த வால்வுல இன்னும் தூசி இருக்கு.”

நாலு மணிக்கு முதலாளியின் கார் வந்தது. நாலு பத்துக்கு டேங்கின் மேல் மூடி சீல் உடைத்துத் திறக்கப்பட்டது. அளவுநாடா உள்ளே இறங்கி, சொட்டச் சொட்ட மேலே வந்தது. ஆறு மீட்டர். முதலாளி மேனேஜரோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கால் மணி கழித்து வெளியே வந்து, வால்வு அண்ணனின் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். மேனேஜர் பின்னால் வந்தார். முகத்தில் வாங்கிக்கட்டிக்கொண்ட களை. ஆனால் நிம்மதியான களை.

மாப்பிள்ளை விடைபெறக் கண்ட்ரோல் ரூமை எட்டிப் பார்த்தான். மீட்டர் அக்கா ஐந்து மணி எண்ணை எழுதிக்கொண்டிருந்தாள். தாளின் கடைசிக் கட்டத்துக்கு மேலே ‘குறிப்பு’ என்று அச்சடித்திருந்தது. பதினோரு வருஷத்தில் அதில் அவள் ஒன்றும் எழுதியதில்லை. இன்றைக்கு எழுதியிருந்தாள்: ‘ஆறு மீட்டர். நன்றாக மூச்சு விடுகிறது.’ பக்கத்தில் சாப்பாட்டு டப்பா திறந்திருந்தது. எதிர் நாற்காலியில் வால்வு அண்ணன் உட்கார்ந்து, மதியச் சாப்பாட்டை ஐந்து மணிக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் ஒரு கையால் எழுதி, மறு கையால் பரிமாறினாள்.

மாப்பிள்ளை பையிலிருந்து ரப்பரை எடுத்து மேஜையில் வைத்தான். வால்வு அண்ணனுக்குப் புரையேறியது.

வாசலுக்கு நடக்கும்போது அவன் கேஸ் நோட்டைப் பிரித்தான். “முடிச்சுடலாமா அத்தை? திருடு போன பொருள்?”

“அரை ரப்பர்.”

“திருடன்?”

“அப்பா.”

“தண்டனை?”

“இன்னிக்கு சாயங்காலம் அவரே அந்தப் பொண்ணுகிட்ட போய், நான்தான் எடுத்தேன்னு சொல்லணும்.”

“ஐயோ! அதுக்குப் போலீஸே பரவாயில்லையே.” எழுதிக்கொண்டான். “வேற ஏதாவது?”

அத்தை நடந்துகொண்டே சொன்னார், அவன் பக்கம் திரும்பாமல். “இன்னிக்கு உதவியாளர் ரெண்டு தடவை வாயை மூடிக்கிட்டார். ரெண்டும் சரியான நேரம். அதையும் எழுதிக்குங்க மாப்பிள்ளை.”